நாப்பது பேரும் பாடட்டும்: ஸ்கூல் குரூப் சாங் பழக்கின அனுபவம்

பாலக்காட்டுக்குக் கிழக்கால, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதின்னு தமிழ்நாட்டு பார்டரை ஒட்டி இருக்கற ஊருங்கள்ல தமிழ் மீடியம் ஸ்கூலுங்க இருக்கு, அதுல ஒண்ணுல நான் பாட்டு டீச்சர். வீட்டுல தமிழ், பஸ்ல ரெண்டும் கலந்து, ஆபீஸ் பேப்பர் எல்லாம் மலையாளம், இப்படித்தான் எங்க புள்ளைங்க வளருது. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் புதுசா வேலைக்கு சேர்ந்த டீச்சர்ங்க போன் பண்ணி கேக்கற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "எந்த பாட்டு சொல்லிக் குடுக்கலாம், நல்லதா ஒண்ணு சொல்லுங்க". பாட்டு அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல காலண்டரை எடுங்க, அப்பறம் உங்க புள்ளைங்க தொண்டை எங்க இருக்குன்னு கேளுங்க, அது ரெண்டும் தெரிஞ்சா பாட்டு தானா மாட்டும்னு சொல்லுவேன். ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றத இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கறேன்.

காலண்டர்னா என்னன்னா, கேரளா ஸ்கூல் வருஷம் ஜூன்ல ஆரம்பிச்சு மார்ச் பரீட்சையோட முடியும், நடுவுல ஆகஸ்ட் 15, ஓணப் பரீட்சை, ஓணம் லீவு, ஸ்கூல் கலோத்சவம் (பாட்டு, டான்ஸ்னு நடக்கற கலைப் போட்டி), அது முடிஞ்சா உபஜில்லா அளவுல, அப்பறம் ஜில்லா அளவுல, கிறிஸ்துமஸ் பரீட்சை, ஜனவரியில ஸ்டேட் கலோத்சவம், ஜனவரி 26, கடைசியா ஆண்டு விழா. இந்த கலோத்சவம் 1957லயே தொடங்கினது, இங்க இருக்கற ஸ்கூலுங்களுக்கு பாட்டு டான்ஸ்னாலே அதுதான் ஞாபகம் வரும். நான் பண்றது, மேடை ஏறற தேதியை முதல்ல எழுதிட்டு அங்கருந்து பின்னாடி வருவேன். கடைசி வாரம் புதுசா எதுவுமே கிடையாது, நிக்கறது, நடந்து வர்றது, ஒண்ணா ஆரம்பிச்சு ஒண்ணா நிறுத்தறது, அவ்ளோதான். அதுக்கு முந்தின வாரம் வரி எல்லாம் பாக்காம வந்திருக்கணும். அதுக்கும் முன்னாடி மூணு நாலு வாரம் பாட்டு கத்துக்கற நேரம். நடுவுல பரீட்சை விழுந்தா அந்த வாரத்தை அடிச்சுடுங்க, ஏன்னா பரீட்சை சமயத்துல பழக்கின வரியை திரும்பவும் முதல்ல இருந்துதான் பழக்கணும். இப்படி எழுதிப் பாத்தீங்கன்னா நம்ம கையில நிஜமா எவ்ளோ நேரம் இருக்குன்னு தெரியும், அது நாம நினைச்சதுல பாதிகூட இருக்காது, அப்ப தானாவே அஞ்சு பாட்டு லிஸ்ட் மூணா குறையும்.

நேரம் கிடைக்கறது பெரிய பாடு. சனிக்கிழமை வரச் சொல்லி ரெண்டு மணி நேரம் பாட வைக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, முக்கால் மணிக்கு மேல சின்னப் புள்ளைங்க தொண்டை தாங்காது, அதுக்கு மேல பாடினா கத்தறாங்க, கத்தினது அப்படியே பழக்கமாயிடும். வாரத்துல நாலு நாள், இருபது நிமிஷம், அது போதும். காலையில அசெம்பிளிக்கு முன்னாடி கிடைச்சா ரொம்ப நல்லது. மத்தியானச் சோறு தின்ன உடனே வேண்டாம், வயிறு நிறைஞ்சிருந்தா மூச்சு இறங்காது, பாதிப்பேர் கண்ணு சொக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் இங்க மத்தியான இடைவேளை நீளம், ஜும்மாவுக்குப் போறவங்க போயிட்டு வர்றதுக்காக விடறது, அன்னைக்கு சாப்ட்டு அரை மணி கழிச்சு மீதிப் புள்ளைங்களை வச்சு நல்லா ஒரு பிராக்டிஸ் பண்ணிடலாம். ஆனா ஜும்மாவுக்குப் போற புள்ளைங்க குரூப்ல இருந்தாங்கன்னா அன்னைக்கு புது வரி எடுக்காதீங்க, திங்கக்கிழமை அவங்க மட்டும் முழிச்சுட்டு நிப்பாங்க. சாயங்காலம் வைக்கலாம்னா பஸ். அந்த பஸ்ஸை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாத ஊர்ல இருந்தெல்லாம் புள்ளைங்க வருது, கண்ணு வாட்ச்லயே இருக்கற புள்ளைக்கு பாட்டு ஏறாது.

அடுத்தது, நான் முக்கியமா சொல்ல வந்தது, ஒரு நாளைக்கு ஒரே வேலை. பிராக்டிஸ்னா பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடறதுன்னு ஒரு நினைப்பு இருக்கு, அப்படிப் பாடினா தெரிஞ்ச பல்லவி இன்னும் நல்லா வரும், தெரியாத ரெண்டாவது சரணம் அப்படியேதான் இருக்கும். அதனால நோட்டுல இன்னைக்கு தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதிக்குவேன். "ரெண்டாவது சரணம், மூணாவது வரி, மேல போற இடம்". அது சரியானா அன்னைக்கு முடிஞ்சது, மீதி நேரம் தெரிஞ்ச பாட்டை சந்தோஷமா பாடிட்டு கிளாசுக்குப் போகலாம். கஷ்டமான இடத்தைத்தான் முதல் வாரத்துலயே எடுக்கணும். சில பாட்டு நான் கடைசி சரணத்துல இருந்தே சொல்லிக் குடுப்பேன், அப்ப மேடையில பாடிப் போகப் போக அவங்களுக்கு நல்லா பழகின இடத்துக்குள்ள போறாங்க, முடிவு கெட்டியா நிக்கும்.

இப்ப சுருதி. இதுலதான் ஸ்கூல் பாட்டு பாதி கெட்டுப்போகுது. நாம காலேஜ்ல படிச்சதெல்லாம் தனியா உக்காந்து பாடறதுக்கு, பொம்பளைங்க நாம கீழ் ஸ்தாயி அஞ்சு, அஞ்சரை கட்டையில பாடிப் பழகியிருப்போம் (கட்டைங்கறது ஹார்மோனியத்துல ஸ எங்க வைக்கறோம்னு சொல்ற நம்பர்), அதே சுருதியில புள்ளைங்களுக்கும் எடுத்துக் குடுத்துடறோம். மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி ப, வர்ற இடத்துல அதுங்க தொண்டையில சத்தமே இருக்காது, வெறும் காத்துதான் வரும். எல்.பி., யு.பி. (ஏழாங்கிளாஸ் வரைக்கும்) புள்ளைங்களுக்கு சுகமா வர்றது ஹார்மோனியத்துல நடு ஸ்தாயி ஒரு கட்டையில இருந்து மேல் ஸ்தாயி ரெண்டு கட்டை வரைக்கும், கூடக் குறைய அவ்ளோதான். பாட்டுல ரொம்பக் கீழ இருக்கற ஸ்வரம் எது, ரொம்ப மேல போறது எதுன்னு முதல்ல பாருங்க, அது இந்த எல்லைக்குள்ள உக்கார்ற மாதிரி சட்ஜத்தை, அதான் ஸ-வை, வையுங்க. ஸ-வுல இருந்து மேல் ஸ வரைக்கும் மட்டும் போற பாட்டுன்னா ஒரு கட்டையில இருந்து ரெண்டு கட்டைக்குள்ள. மந்தர பஞ்சமம் வரைக்கும் இறங்கி, மேல தைவதத்தோட (த) நின்னுடற பாட்டுன்னா நாலு கட்டை சரியா வரும். எல்லா பாட்டுக்கும் ஒரே சுருதின்னு பிடிவாதம் பிடிக்க வேண்டாம், இது கச்சேரி இல்ல.

தினமும் பாடற தேசிய கீதத்தையே எடுத்துக்குங்க. 52 செகண்ட் பாட்டு. அது கீழ நிஷாதம் (நி) வரைக்கும் இறங்குது, கடைசியில வர்ற "ஜய ஹே, ஜய ஹே"ல மேல் சட்ஜத்தைத் தொடுது. அசெம்பிளியில முன்னாடி நிக்கற புள்ளை பயத்துல நாலு கட்டையில எடுத்துட்டா "ஜய ஹே" வரும்போது ஸ்கூலே அலறும், எடுத்த புள்ளைக்கே எட்டாது, அந்த கடைசி வரியில பாதிப்பேர் வாயை மூடிக்குவாங்க. ஒண்ணரை கட்டையில எடுங்க, வித்தியாசம் அன்னைக்கே தெரியும். எங்க ஸ்கூல்ல அசெம்பிளி லீடருக்கு முன்கூட்டி மெதுவா சுருதி குடுத்துட்டுதான் அனுப்புவோம். இத ஒரு சின்ன விஷயம்னு விட்டுடாதீங்க, நூத்துக்கணக்கான புள்ளைங்க தினமும் பாடற ஒரே பாட்டு அதுதான், நல்லா பாடக் கத்துக்கறதும் கத்தப் பழகறதும் அங்கதான் ஆரம்பிக்குது.

ஆம்பளை சார்ங்க சொல்லிக் குடுக்கறப்ப இன்னொரு சிக்கல், அவங்க ஒரு ஸ்தாயி கீழ பாடுவாங்க, சில புள்ளைங்க அந்தக் குரலையே பிடிக்கப் பாத்து உறுமும். அதுக்கு நல்லா பாடற ஒரு புள்ளைய பக்கத்துல நிக்க வச்சு அதைப் பாடச் சொல்லிக் காட்டுங்க, மத்ததுங்க உடனே பிடிச்சுக்கும். சுருதிக்கு போன்ல தம்புரா ஆப் போதும், சத்தம் பத்தலைன்னா போனை ஒரு காலி எவர்சில்வர் குண்டாவுல வையுங்க, ரூம் முழுக்க கேக்கும்.

ஆரம்பிக்கறப்ப அஞ்சு நிமிஷம் தொண்டைய சூடு பண்ணணும். உதட்டை புர்ர்ர்னு அதிர விட்டு மேல கீழ போறது, "ஸ்ஸ்ஸ்"னு மூச்சை சீரா விடறது, வாய மூடி "ம்ம்" பாடறது. அப்பறம் "ஊ"ன்னு மேல் ஸ்வரத்துல மெல்லிசா ஆரம்பிச்சு கீழ இறங்கி வரணும், கீழ இருந்து மேல ஏத்தினா நெஞ்சுக் குரலையே தூக்கிட்டு வந்து கத்துவாங்க, மேல இருந்து இறங்கினா அந்த மெல்லிசு கீழ வரைக்கும் கூட வரும். எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய் காத்து வேற, டிசம்பர் ஜனவரியில மண்ணைத் தூக்கி மூஞ்சியில அடிக்கும், கிரவுண்டுல நிக்க வச்சு பிராக்டிஸ் பண்ணவே கூடாது. ஜன்னல் சாத்தின ரூம், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி.

சுருதி சேராத புள்ளைங்க பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். ஒரு தடவை நாலாங்கிளாஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, வரிசையில கடைசியில நின்னு வாய் மட்டும் அசையுது, சத்தம் இல்ல. பக்கத்துல போய் "என்ன கண்ணு, பாடலியா"ன்னு கேட்டா, "எனக்கு பாட்டு வராதுங் டீச்சர், முன்னாடி இருந்த ஸ்கூல்ல வாயை மட்டும் அசைன்னு சொன்னாங்கோ"ன்னு தலையக் குனிஞ்சுட்டே சொல்லுது. எட்டு வயசுப் புள்ள அது. நான் அதுக்கு ஸ குடுக்கல. "உனக்கு எது வருதோ அத ஒரு 'ஆ' சொல்லு"ன்னேன். கீழ எங்கயோ ஒரு ஆ வந்துச்சு, நான் போய் அந்த ஸ்வரத்துல சேர்ந்துக்கிட்டேன், ரெண்டு பேரும் ஒரே சத்தத்துல கொஞ்ச நேரம் நின்னோம், ரெண்டு குரலும் ஒண்ணாகறப்ப காதுல ஒரு அதிர்வு தெரியும் பாருங்க, அது அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுது, மூஞ்சி நிமிர்ந்துச்சு. அப்பறம் "நான் போற பக்கம் வா"ன்னு அரை ஸ்வரம் ஏத்தினேன், வந்துச்சு, இன்னும் கொஞ்சம், வந்துச்சு. நாம அவங்க இருக்கற இடத்துக்குப் போகணும், அங்கருந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும், நம்ம இடத்துல நின்னுட்டு "தப்பு தப்பு"ன்னு கூப்ட்டா வராது. தினமும் ரெண்டு நிமிஷம் இப்படிப் பண்ணி, குரூப்ல நிக்கறப்ப சுருதி கெட்டியா இருக்கற ரெண்டு பேருக்கு நடுவுல நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்துடும். சேர மாட்டேங்கற புள்ளைங்க ரொம்பக் கம்மி. வாயை மட்டும் அசைன்னு சொல்றது பெரிய பாவம்னு நினைக்கறேன், அந்தப் புள்ள அதுக்கப்பறம் கோயில்லயும் பாடாது, நாளைக்கு தன் குழந்தைக்கு தாலாட்டும் பாடாது.

பாட்டு சொல்லிக் குடுக்கறப்ப பேப்பரை கையில குடுக்காதீங்க. முதல்ல முழுப் பாட்டையும் நீங்க ஒரு தடவை நல்லா பாடிக் காட்டுங்க, அவங்க சும்மா கேக்கட்டும். அப்பறம் தாளம் மட்டும் போட்டுக்கிட்டு வரியை பேசற மாதிரி சொல்லுங்க, ராகம் வேண்டாம், சொல் எங்க விழுதுன்னு கை அறியணும். கும்மி நடையில வர்ற பாட்டுன்னா நிஜமாவே கும்மி தட்டி ரெண்டு சுத்து சுத்த விடுங்க, எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்கு அது ரத்தத்துல இருக்கு, திஸ்ரம், மூணு மூணா வர்ற நடைன்னு சொல்லி விளக்க வேண்டியதே இல்ல. அதுக்கப்பறம் ஒரு வரி நான், ஒரு வரி நீங்க. முக்கியமானது, அவங்க பாடறப்ப நீங்க கூடப் பாடாதீங்க. கூடப் பாடினா உங்க குரல்தான் உங்களுக்குக் கேக்கும், அவங்க விடற தப்பு கேக்காது, அவங்களும் உங்க மேல சாய்ஞ்சுக்குவாங்க, மேடையில நீங்க இல்லாதப்ப பொத்துன்னு விழும்.

எங்களுக்கு மலையாளப் பாட்டும் எடுக்க வேண்டியிருக்கு, உபஜில்லாவுல வேற ஸ்கூல் புள்ளைங்களோட நிக்கறப்ப உச்சரிப்பு பளிச்சுன்னு தெரியும். மலையாளம் வாசிக்கத் தெரியாத புள்ளைங்களுக்கு தமிழ் எழுத்துல எழுதிக் குடுப்போம், ஆனா நம்ம க, ச, ட, த, ப ஒவ்வொண்ணும் எத்தனை விதமா ஒலிச்சாலும் அதுக்கு ஒரே எழுத்துதான், அதனால "தங்கம்"ல வர்ற க மாதிரி அழுத்தமில்லாம சொல்லணும்னா எழுத்துக்குக் கீழ ஒரு கோடு, மூச்சு சேர்த்து சொல்லணும்னா மேல ஒரு புள்ளி, இப்படி ஒரு வழி வச்சிருக்கோம். வரி முடியற இடத்துல வர்ற அந்த அரை "உ" இருக்கே, நம்ம "பாட்டு", "காத்து"ல வர்றதேதான், பேசறப்ப ரெண்டு மொழியிலயும் புள்ளைங்க சரியா சொல்லுதுங்க, நீட்டிப் பாடறப்ப மட்டும் அது "ஊ"ன்னு பெருசாயிடும். நீளத்தை முன்னாடி இருக்கற எழுத்துல வச்சு கடைசி எழுத்தை தொட்டுட்டு விட்டுடணும். எங்க மூச்சு வாங்கணும்னும் டிக் போட்டு வையுங்க, இல்லன்னா வார்த்தைக்கு நடுவுல இழுப்பாங்க. ஒரே ஸ்வரத்தை நீளமா பிடிக்கற கார்வையில பக்கத்துல பக்கத்துல நிக்கறவங்க ஒரே நேரத்துல மூச்சு வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டா கேக்கறவங்களுக்கு மூச்சே விடாம பாடற மாதிரி இருக்கும்.

எல்லாரும் ஒரே மெட்டைப் பாடறதோட நிறுத்திக்காதீங்க. ரெண்டு குரல் மூணு குரலா பிரிச்சுப் பாடறது பெரிய மியூசிக் தெரிஞ்சவங்க வேலைன்னு பயப்படறாங்க. முதல்ல பாதிப்பேர் ஸ பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், மீதிப் பேர் பாட்டு பாடட்டும். அடுத்தது, ஒரு குரூப் ஆரம்பிச்சு ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்துல ஒரு முழு சுத்து, கழிச்சு அடுத்த குரூப் அதே பாட்டை முதல்ல இருந்து ஆரம்பிக்கறது. அதுக்கு மோகன ராகத்துல நாலு வரி மெட்டு எடுத்துக்குங்க, ஸ ரி க ப த மட்டும் இருக்கறதால பக்கத்துப் பக்கத்து அரை ஸ்வரம் கிடையாது, எது மேல எது விழுந்தாலும் காது குத்தாது, புள்ளைங்களுக்கு தைரியம் வந்துடும். மாயாமாளவகௌளை ராகத்துல இதப் பண்ணப் பாத்தா சின்ன ரிஷபமும் (ரி) சட்ஜமும் அரை ஸ்வரம் தள்ளியே இருக்கறதால முட்டிக்கும். தமிழ்லயும் மலையாளத்துலயும் இப்படி கூட்டமா பாடறத ஒரு இயக்கமாவே கொண்டு போனவர் எம்.பி.ஸ்ரீனிவாசன், 1925ல ஆந்திரா சித்தூர்ல பிறந்தவர், இங்க பாலக்காட்டு சித்தூர் இல்ல அது வேற, மெட்ராஸ் யூத் கொயர் அவர் ஆரம்பிச்சது. மலையாளப் படத்துக்கு இசை போட்டுக்கிட்டே பாரதி பாட்டுங்களையும் பல குரலுக்குப் பிரிச்சு, சங்கீதமே படிக்காதவங்கள எல்லாம் வச்சு பாட வச்சார். 1988ல இறந்துட்டார். பாட்டு டீச்சர்ங்க கண்டிப்பா தேடிக் கேக்க வேண்டிய ஆள்.

எட்டு ஒம்போதாங்கிளாஸ் பசங்களுக்கு மகரக்கட்டு வர்ற வயசு. போன வருஷம் வரைக்கும் கணீர்னு பாடினவன் இந்த வருஷம் திடீர்னு உடைஞ்சு, கூட இருக்கறவன் சிரிச்சு, அவன் "நான் வரலைங் டீச்சர்"னு கிரவுண்டுக்கு ஓடிடுவான். அவனை விட்டுடாதீங்க. இந்தக் குரல் என்ன ஆகுதுன்னு எல்லா பசங்களையும் உக்கார வச்சு முதல்லயே சொல்லிடுங்க, தொண்டைக்குள்ள இருக்கற குரல் நாண் நீளமாகுது, கொஞ்ச மாசத்துல ஒரு இடத்துல நிக்கும், எல்லாருக்கும் வரும்னு. அந்த சமயத்துல அவனுக்கு சுகமா வர்ற நாலஞ்சு ஸ்வரம் எதுன்னு கேட்டு, ஸ பிடிக்கறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கறது மாதிரி ஒரு பாகத்தை அவனுக்குன்னே போட்டுக் குடுங்க. மேல் ஸ்தாயிக்கு இழுக்கச் சொல்லாதீங்க, தொண்டை கெட்டுடும். அந்தக் கனமான குரல் கீழ வந்து உக்கார்றப்ப பாட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரி இருக்கும்.

கலோத்சவத்துல சங்க கானம்ங்கற குரூப் சாங்குக்கு ஏழு பேர்தான். அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துட்டு மீதிப் பேரை கிளாசுக்கு அனுப்பிட்டா வருஷம் முழுக்க ஏழு பேருக்குத்தான் பாட்டு டீச்சர்னு ஆயிடும். எங்க ஸ்கூல்ல ஜூன்ல இருந்து நாப்பது பேரும் ஒண்ணாதான் படிப்பாங்க, கலோத்சவப் பாட்டும் நாப்பது பேருக்கும் தெரியும், உபஜில்லாவுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஏழு பேர் யாருன்னு சொல்லுவேன், ஒருத்தருக்கு காய்ச்சல் வந்தாலும் உள்ள இறங்க ஆள் ரெடி. மத்தவங்களுக்கு ஜனவரி 26ம் ஆண்டு விழாவும் இருக்கு, அங்க நாப்பது பேரும் மேடையில நிப்பாங்க, அதை கலோத்சவத்துக்கு ஒரு படி கீழன்னு நினைக்க விடக்கூடாது. அம்மா அப்பாவுங்க "எங்க புள்ள ஏழுல இல்லையாங்க"ன்னு கேப்பாங்க, அவங்களுக்கு ஆண்டு விழா தேதியைச் சொல்லி முன் வரிசையில உக்காரச் சொல்லுங்க.

போட்டி அன்னைக்கு நம்ம கையில இருக்கறது கம்மி. ஸ்டேஜ் ரெண்டு மணி நேரமும் லேட் ஆகும், ஆறு மணி நேரமும் ஆகும், அதுவரைக்கும் புள்ளைங்க மத்த ஸ்டேஜ்ல போய் கூவி கைதட்டி தொண்டைய தீத்துடும். நேரத்துக்கு சோறு, அப்பப்ப தண்ணி, மணிக்கு ஒரு தடவை வாய மூடி "ம்ம்" ரெண்டு நிமிஷம், முழுப் பாட்டை மட்டும் பாட விடாதீங்க. மைக்செட் அண்ணன்கிட்ட முன்னாடியே போய் ரெண்டு மைக் ஸ்டாண்டுல, முன்னாடி கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்க, ஒருத்தர் வாய்கிட்ட ஒரு மைக் இருந்தா அந்த ஒருத்தர் பாட்டுதான் ஹால்ல கேக்கும்.

எல்லாம் முடிஞ்சு வந்த அடுத்த நாள், மறக்கறதுக்கு முன்னாடி பாட்டு நோட்டுல எழுதிடுங்க. பாட்டு பேரு, கடைசியா எந்த சுருதியில வச்சோம், எந்த வரி கஷ்டப்பட்டுச்சு, எந்த கிளாசுக்குப் பொருந்துச்சு. பழைய பாட்டை தூக்கிப் போடாதீங்க, வாரத்துக்கு ஒண்ணு எடுத்துப் பாடுங்க, அப்ப அஞ்சாங்கிளாஸ்ல கத்துக்கிட்டது பத்தாங்கிளாஸ் வரைக்கும் புள்ளைங்க வாயில இருக்கும், புதுசா சேர்றதுங்க பக்கத்துல நின்னு அவங்ககிட்ட இருந்தே பாதி கத்துக்கும். நீங்க வேற ஸ்கூலுக்கு மாறிப் போனா அந்த நோட்டை அங்கயே விட்டுட்டுப் போங்க, அடுத்து வர்ற டீச்சருக்கு எந்தப் பாட்டு எத்தனை கட்டைன்னாவது தெரியும்.